32 கழகங்களின் உலகக் கிண்ணம்: திறந்த கதவும் மாறாத சந்தையும்

2025 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 13 ஆம் திகதி, அமெரிக்காவின் நியூ ஜேர்ஸி மாநிலத்திலுள்ள மெட்லைஃப் மைதானத்தில் 81 ஆயிரத்துக்கும் அதிகமான ரசிகர்கள் முன்னிலையில், இங்கிலாந்தின் செல்ஸி கழகம் பிரான்ஸின் பாரிஸ் சென் ஜேர்மைன் கழகத்தை 3-0 என்ற கோல் கணக்கில் தோற்கடித்து, விரிவாக்கப்பட்ட கழக உலகக் கிண்ணத்தை முதன்முதலாகச் சுவீகரித்தது. இலங்கையில் அப்போது நள்ளிரவு கடந்துவிட்டிருந்தது. ஆயினும் கண்விழித்திருந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எமது வாசகர்களிலும் பலர் இருப்பர்.

அந்த வெற்றியில் ஒரு விசித்திரம் உண்டு. உலகின் தலைசிறந்த கழகமென முடிசூட்டப்பட்ட செல்ஸி, அதற்கு முந்திய பருவகாலத்தில் இங்கிலாந்து பிரிமியர் லீக்கில் நான்காவது இடத்தையே பெற்றிருந்தது. ஐரோப்பாவில் அது விளையாடியது மூன்றாம் தரச் சுற்றுப்போட்டியான கொன்பரன்ஸ் லீக்கில். நான்கு வருடங்களுக்கு முன்னர், அதாவது 2021 இல், ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக்கை வென்றதே அதற்கு அமெரிக்கா செல்லும் அனுமதிச் சீட்டாக அமைந்தது. மறுபுறத்தில், 2025 இல் இங்கிலாந்தின் சம்பியனான லிவர்பூல், ஸ்பெயினின் சம்பியனான பார்சிலோனா, இத்தாலியின் சம்பியனான நாப்போலி ஆகிய மூன்று கழகங்களுக்கும் அங்கு இடமிருக்கவில்லை. இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை விளங்கிக்கொள்ள, இந்தச் சுற்றுப்போட்டியின் அமைப்பைச் சற்று விரிவாக நோக்க வேண்டியுள்ளது.

கழகங்களிடையே உலக சம்பியனைத் தெரிவு செய்யும் முயற்சி புதியதன்று. ஐரோப்பாவினதும் தென்னமெரிக்காவினதும் சம்பியன்கள் மோதும் கண்டங்களுக்கிடையிலான கிண்ணம் 1960 இல் ஆரம்பமாயிற்று. முதலாவது கிண்ணத்தை ஸ்பெயினின் ரியல் மெட்ரிட், உருகுவேயின் பெனரோலைத் தோற்கடித்து வென்றது. 1980 முதல் 2004 வரை அது ஜப்பானில் ஒரேயொரு ஆட்டமாக நடைபெற்று வந்தது. ஆசியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ அதில் பங்கிருக்கவில்லை. ஜப்பானியர் மைதானத்தைக் கொடுத்தனர், அனுசரணையைக் கொடுத்தனர், ஆசனங்களை நிரப்பினர். விளையாடியவர்கள் மாத்திரம் வேறு கண்டத்தார்.

சர்வதேச உதைபந்தாட்ட சம்மேளனமான பீபா இதனை மாற்ற முனைந்து 2000 ஆம் ஆண்டு ஜனவரியில் பிரேஸிலில் எட்டுக் கழகங்களைக் கொண்டு முதலாவது கழக உலகக் கிண்ணத்தை நடத்தியது. மன்செஸ்டர் யுனைட்டெட் அதில் கலந்துகொள்வதற்காக இங்கிலாந்தின் மிகப் பழைமையான எப்.ஏ. கிண்ணப் போட்டிகளிலிருந்தே அவ்வருடம் விலகியது. அங்கு இதனால் எழுந்த கண்டனம் சாமானியமானதன்று. இறுதியாட்டத்தில் பிரேஸிலின் கொரிந்தியன்ஸ் அதே நாட்டின் வாஸ்கோ ட காமாவைப் பெனல்டி உதைகளில் வென்றது. மறு வருடம் ஸ்பெயினில் நடைபெறவிருந்த போட்டி கைவிடப்பட்டது. 2005 முதல் போட்டி மீண்டும் தொடர்ந்து, இறுதியில் ஏழு கழகங்களைக் கொண்ட வருடாந்த நிகழ்வாக நிலைபெற்றது. ஐரோப்பிய, தென்னமெரிக்க சம்பியன்கள் நேரடியாக அரையிறுதிக்கு வருவர். ஏனைய கண்டத்தவர்கள் அதற்கு முன் தமக்குள் மோதி வடிகட்டப்படுவர்.

அந்தச் சிறிய அமைப்பிலும் மறக்க முடியாத தருணங்கள் நிகழ்ந்தன. கொங்கோ ஜனநாயகக் குடியரசின் மஸம்பே 2010 இல் இறுதியாட்டம் வரை முன்னேறியது. மொரோக்கோவின் ராஜா கஸபிளங்கா 2013 இலும், ஐக்கிய அரபு இராச்சியத்தின் அல் ஐன் 2018 இலும் அவ்வாறே முன்னேறின. ஆனால் கிண்ணம் என்னவோ 2013 முதல் 2023 வரை ஒரு தடவையேனும் ஐரோப்பாவை விட்டு வெளியேறவில்லை. 2012 இல் கொரிந்தியன்ஸ் செல்ஸியை 1-0 எனத் தோற்கடித்ததே பிற கண்டத்துக் கழகமொன்று கிண்ணத்தை வென்ற கடைசிச் சந்தர்ப்பமாகும்.

இதனை நான்கு வருடங்களுக்கு ஒரு முறை நடைபெறும் பெருவிழாவாக மாற்றும் திட்டத்தை முன்னெடுத்தவர் பீபாவின் தலைவர் ஜியானி இன்பன்டினோ ஆவார். 24 கழகங்களுடன் 2021 இல் சீனாவில் நடத்துவதென முதலில் தீர்மானிக்கப்பட்டது. கொரோனாப் பெருந்தொற்று அதனைத் தடுத்தது. 2022 டிசம்பரில் எண்ணிக்கை 32 ஆக உயர்ந்தது. எதிர்ப்பு எழும்போதெல்லாம் எண்ணிக்கையை இன்னும் கூட்டுவது பீபாவின் அண்மைக்கால வழக்கமாகிவிட்டது எனலாம்.

புதிய அமைப்பில் ஐரோப்பாவுக்கு 12 இடங்கள், தென்னமெரிக்காவுக்கு 6, ஆசியா, ஆபிரிக்கா, வட மற்றும் மத்திய அமெரிக்கா ஆகியவற்றுக்குத் தலா 4, ஓசியானியாவுக்கு 1, போட்டியை நடத்தும் நாட்டுக்கு 1 என 32 இடங்களும் பங்கிடப்பட்டன. 2021 முதல் 2024 வரையான நான்கு வருடங்களில் அந்தந்தக் கண்டத்தின் சம்பியனானவை முதலில் உள்வாங்கப்பட்டன. எஞ்சிய இடங்கள் அதே காலப்பகுதியின் தரவரிசைப்படி நிரப்பப்பட்டன. ஒரு நாட்டிலிருந்து இரு கழகங்களுக்கு மேல் வரக்கூடாது. சம்பியன்கள் கூடுதலாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. செல்ஸியும் மன்செஸ்டர் சிட்டியும் சம்பியன்கள் என்ற வகையில் இங்கிலாந்தின் இரு இடங்களையும் எடுத்துக்கொண்டதால், லிவர்பூலுக்குக் கதவு அடைபட்டது. தென்னமெரிக்கக் கிண்ணத்தை அந்த நான்கு வருடங்களிலும் பிரேஸில் கழகங்களே வென்றிருந்ததால், அந்நாட்டிலிருந்து மாத்திரம் நான்கு கழகங்கள் வந்தன. எட்டுக் குழுக்கள், குழுவுக்கு நான்கு அணிகள், குழுவிலிருந்து இரண்டு அணிகள் அடுத்த சுற்றுக்கு, அதன்பின் தோற்றவர் வெளியேறும் முறை என மொத்தம் 63 ஆட்டங்கள். 1998 முதல் 2022 வரையான நாடுகளுக்கிடையிலான உலகக் கிண்ணத்தின் அச்சு அசலான பிரதி அது.

இந்த விரிவாக்கத்தை அடியோடு நிராகரிப்பவர்களுடன் நாம் உடன்படவில்லை. முதற் சுற்று ஆட்டங்கள் அவர்களுக்குப் பதிலளித்தன. சில வாரங்களுக்கு முன்னர்தான் ஐரோப்பிய சம்பியனாகியிருந்த பாரிஸ் சென் ஜேர்மைனைப் பிரேஸிலின் பொட்டாபோகோ 1-0 என வீழ்த்தியது. பிளமெங்கோ செல்ஸியை 3-1 என வென்றது. நான்கு பிரேஸில் கழகங்களும் குழு நிலையைத் தாண்டின. சவூதி அரேபியாவின் அல் ஹிலால் ரியல் மெட்ரிட்டுடன் 1-1 எனச் சமநிலை கண்டு, பின்னர் ஒர்லான்டோவில் மேலதிக நேரம் வரை சென்ற ஆட்டத்தில் மன்செஸ்டர் சிட்டியை 4-3 என்ற கோல் கணக்கில் வெளியேற்றியது. எகிப்தின் அல் அஹ்லி, மொரோக்கோவின் விதாத், தூனிசியாவின் எஸ்பெரன்ஸ், அல் ஐன், அல் ஹிலால் என அரபுலகிலிருந்து மட்டும் ஐந்து கழகங்கள் இவ்வரங்கில் தோன்றின. ஏழு அணிகளின் காலத்தில் இது கற்பனைக்கும் எட்டாதது. தமது கழகத்தின் பாடல்களுடன் அமெரிக்க மைதானங்களை நிறைத்த பிரேஸில், ஆர்ஜென்டீனா, அரபு நாட்டு ரசிகர்களைப் பார்த்தவர்கள், இக்கிண்ணம் யாருக்கும் வேண்டாத ஒன்று எனக் கூறத் துணியமாட்டார்கள்.

ஆனால் ஆசனம் கிடைப்பது வேறு, சமத்துவம் கிடைப்பது வேறு. இப்போட்டியின் உண்மையான பாடம் இரண்டு இளம் பிரேஸில் வீரர்களின் கதையில் அடங்கியிருக்கிறது.

காலிறுதியில் செல்ஸி எதிர்கொண்டது பிரேஸிலின் பல்மெய்ராஸ் கழகத்தை. பல்மெய்ராஸுக்காக அன்று கோல் அடித்தவர் 18 வயதேயான எஸ்தேவாவோ. அவர் அந்த ஆட்டத்துக்கு வரும்போதே செல்ஸிக்கு விற்கப்பட்டிருந்தார். 18 வயது பூர்த்தியாகும் வரை வெளிநாட்டுக்குச் செல்ல முடியாதென்ற விதியின் காரணமாகவே அதுவரை பிரேஸிலில் விளையாடிக்கொண்டிருந்தார். தன் வருங்கால எசமானர்களுக்கு எதிராகக் கோலடித்து, 2-1 எனத் தோற்று, அவர்களிடமே சென்று சேர்ந்தார் அவர்.

அரையிறுதியில் செல்ஸியின் எதிராளி பிரேஸிலின் புளுமினென்ஸ். இரு கோல்களையும் அடித்து அக்கழகத்தை வெளியேற்றியவர் ஜோவாவோ பெட்ரோ. அவர் புளுமினென்ஸின் இளைஞர் அணியில் வளர்ந்து, அங்கிருந்தே 2020 இல் இங்கிலாந்துக்குச் சென்றவர். தன்னை வளர்த்தவர்கள் முன் கோல் அடித்ததும் கைகளை உயர்த்தி மன்னிப்புக் கோருபவர் போல நின்றார். கொண்டாடவில்லை. கவனத்திற்குரிய விடயம் யாதெனில், போட்டி ஆரம்பமானபோது அவர் செல்ஸியின் வீரரே அல்லர். ஜூலை 2 ஆம் திகதி, அதாவது போட்டி பாதி கடந்த பின்னரே சுமார் 60 மில்லியன் பவுணுக்கு பிரைட்டன் கழகத்திடமிருந்து வாங்கப்பட்டார். ஜூன் 27 முதல் ஜூலை 3 வரை அணியில் மாற்றம் செய்வதற்குப் பீபா விசேட அனுமதி வழங்கியிருந்தது. ஜூன் 30 உடன் பல வீரர்களின் ஒப்பந்தங்கள் முடிவடைவதால் ஏற்பட்ட நிர்வாகத் தேவையே அந்த அனுமதிக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த வாசலால் உலகக் கிண்ணத்தின் அரையிறுதிக்கும் இறுதியாட்டத்துக்குமான கோலடிப்பாளரை வாங்கி வரக்கூடிய வசதி எத்தனை கழகங்களுக்கு இருந்தது? பாரிஸ் சென் ஜேர்மைனுக்கு எதிராகக் கோலடித்த பொட்டாபோகோவின் இகோர் ஜேசுஸ்கூட தன் கழகம் போட்டியிலிருந்து வெளியேறிய கையோடு இங்கிலாந்தின் நொட்டிங்ஹம் பொரஸ்டுக்குச் சென்றுவிட்டார். தென்னமெரிக்கக் கழகங்கள் தம் திறமையை உலகுக்குக் காட்டிய அதே மேடை, அத்திறமையை விலைபேசும் கண்காட்சிச் சாலையாகவும் அமைந்தது.

அல் ஹிலாலின் வெற்றியையும் இந்த வெளிச்சத்திலேயே நோக்க வேண்டும். அது ஆசியாவுக்குப் பெருமை தேடித் தந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அக்கழகத்தின் 75 வீதம் 2023 முதல் சவூதியின் பொது முதலீட்டு நிதியத்துக்குச் சொந்தமாக இருந்தது. அணியின் முதுகெலும்பாக இருந்த கூலிபாலி, ரூபன் நெவெஸ், கன்செலோ, மிலின்கோவிச் சாவிச் ஆகியோர் ஐரோப்பாவிலிருந்து வருவிக்கப்பட்டவர்கள். ஆசியாவின் ஏனைய மூன்று கழகங்களும் குழு நிலையுடன் வீடு திரும்பின. ஜப்பானின் உராவாவும் தென்கொரியாவின் உல்சானும் ஒரு புள்ளியேனும் பெறவில்லை. ஆபிரிக்காவின் நான்கு கழகங்களிலும் ஒன்றுகூட அடுத்த சுற்றை எட்டவில்லை. அன்றைய வெற்றியை ஆசியா ஐரோப்பாவை வென்றதாகக் கொள்வதைவிட, ஒரு பெரும் மூலதனம் இன்னொரு பெரும் மூலதனத்தை வென்றதாகக் கொள்வதே பொருந்தும்.

மொத்தப் பரிசுத் தொகை ஒரு பில்லியன் டொலர். இதில் 525 மில்லியன் கலந்துகொள்வதற்காகவும், 475 மில்லியன் வெற்றிகளுக்காகவும் ஒதுக்கப்பட்டது. கலந்துகொள்வதற்கான பங்கு ஐரோப்பியக் கழகமொன்றுக்கு 12.81 மில்லியன் முதல் 38.19 மில்லியன் டொலர் வரை. தென்னமெரிக்கக் கழகத்துக்கு 15.21 மில்லியன். ஆசிய, ஆபிரிக்க, வட மற்றும் மத்திய அமெரிக்கக் கழகத்துக்கு 9.55 மில்லியன். ஓசியானியாவின் ஒரேயொரு பிரதிநிதியான நியூஸிலாந்தின் ஒக்லன்ட் சிட்டிக்கு 3.58 மில்லியன். அதாவது, பந்து ஓர் அடி உருளுவதற்கு முன்பே உச்சத்திலிருப்பவருக்கும் அடியிலிருப்பவருக்கும் இடையில் பத்து மடங்குக்கும் அதிகமான வித்தியாசம்.

ஒக்லன்ட் சிட்டியின் வீரர்கள் முழுநேரத் தொழில்முறையாளர்கள் அல்லர். தொழிலிலிருந்து விடுமுறை பெற்று வந்தவர்கள். ஜேர்மனியின் பயேர்ன் மியூனிச் அவர்களை 10-0 என நசுக்கியது. போர்த்துக்கலின் பென்பிகா 6-0 என வென்றது. இந்த அணி எதற்காக இங்கு வந்தது எனப் பலரும் ஏளனம் செய்தனர். மூன்றாவது ஆட்டத்தில் ஆர்ஜென்டீனாவின் கீர்த்திமிக்க பொக்கா ஜூனியர்ஸை அவர்கள் 1-1 எனத் தடுத்து நிறுத்தினர். கோலை அடித்தவர் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஒருவர். பொக்கா ஜூனியர்ஸ் ஒரு வெற்றியும் இன்றி நாடு திரும்பியது. இப்போட்டியின் மிக அழகான முடிவு இதுவே என்பது எமது எண்ணம்.

அந்த அழகின் பின்னால் ஒரு கேள்வி உண்டு. பகுதிநேர வீரர்களைக் கொண்ட சிறிய லீக் ஒன்றில் ஒரே கழகத்தின் கணக்கில் மாத்திரம் இவ்வளவு பெருந்தொகை சேருமானால், மறு வருடம் அந்த லீக்கில் ஏனையோர் எவ்வாறு போட்டியிடுவது? தென்னாபிரிக்காவின் மமலோடி சண்டவுன்ஸ் தன் நாட்டு லீக்கை ஏற்கெனவே வருடக்கணக்காகத் தன்வசம் வைத்திருக்கும் கழகம். அதன் கையில் மேலும் பல மில்லியன்கள் கொடுக்கப்பட்டன. வெல்பவரே மீண்டும் தகுதி பெறுவார், தகுதி பெறுபவரே மீண்டும் செல்வந்தராவார். இந்தச் சக்கரம் ஐரோப்பிய நாடுகளின் உள்நாட்டு லீக்குகளை என்ன செய்தது என்பதற்குப் பல வருடங்களாகப் பயேர்ன் மியூனிச்சின் ஆதிக்கத்துக்குட்பட்டிருந்த ஜேர்மனியே சான்று. போட்டியில் இடம்பெறாத கழகங்களுக்கு 250 மில்லியன் டொலரைப் பகிர்வதாகப் பீபா அறிவித்தமை உண்மை. உலகம் முழுவதிலுமுள்ள கழகங்களுக்கிடையில் அதனைப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மிஞ்சும் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

எமது பிராந்தியத்துக்கு இதில் என்ன தொடர்பு எனக் கேட்கலாம். ஆசியாவுக்கான நான்கு இடங்களும் ஆசிய சம்பியன்ஸ் லீக்கின் வழியாகவே கிடைக்கின்றன. ஆசிய சம்மேளனம் 2024 இல் தன் கழகப் போட்டிகளை மூன்று அடுக்குகளாகப் பிரித்தது. உலகக் கிண்ணத்துக்கான ஏணி மேலடுக்கில் மாத்திரமே உண்டு. இலங்கைக் கழகங்களின் நிலையோ, 2022 இல் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் புளூ ஸ்டார் கழகம் நேபாளத்தின் மச்சிந்திராவை 2-1 என வென்று, அடுத்த ஆட்டத்தில் கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 5-0 எனத் தோற்றதுடன் நின்றது. மறு வருடம் ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை எமது சம்மேளனத்தையே பீபா இடைநிறுத்தியது. பல கோடி ரசிகர்களைக் கொண்ட தெற்காசியாவிலிருந்து ஒரு கழகமும் 2025 இல் இல்லை. 'உலகம்' என்ற சொல்லின் எல்லை எமது கடற்கரைக்கு வெகு தொலைவிலேயே முடிந்துவிடுகிறது.

இனி, விளையாடியவர்களின் நிலை. ஐரோப்பிய நாடுகளில் ஓகஸ்டில் தொடங்கும் பருவகாலம் மே மாத இறுதியில் முடிவடையும். ஜூன், ஜூலை மாதங்கள் வீரர்களின் உடல் ஆறும் காலம். நாடுகளுக்கான உலகக் கிண்ணமும் ஐரோப்பியக் கிண்ணமும் அக்காலத்தில் ஒன்றுவிட்ட ஒரு வருடத்தை எடுத்துக்கொள்கின்றன. எஞ்சிய வருடத்தில்தான் இப்புதிய போட்டி புகுத்தப்பட்டது. பாரிஸ் சென் ஜேர்மைன் ஜூலை 13 இல் இறுதியாட்டத்தில் தோற்றது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஓகஸ்ட் 13 இல், ஐரோப்பிய சுப்பர் கிண்ணத்துக்காக மீண்டும் களமிறங்கியது. ஓய்வும் பயிற்சியும் அந்த ஒரு மாதத்துக்குள்தான்.

வீரர்கள் வேலைநிறுத்தத்தை நெருங்கிக்கொண்டிருப்பதாக மன்செஸ்டர் சிட்டியின் ரொட்ரி 2024 செப்டம்பரில் எச்சரித்தார். சில தினங்களில் அவரே முழங்கால் தசைநார் கிழிந்து நீண்ட காலம் விளையாட முடியாதவரானார். பயேர்ன் மியூனிச்சின் ஜமால் முசியாலா இந்தப் போட்டியின் காலிறுதியில் கால் முறிவுக்குள்ளானார். எதிரணிக் கோல்காப்பாளருடன் மோதியதால் நேர்ந்த விபத்து அது; அதனைக் களைப்பின் கணக்கில் சேர்ப்பது நேர்மையாகாது. ஆனால் வெயிலை அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது. ஐரோப்பியத் தொலைக்காட்சி ரசிகர்களின் மாலைப் பொழுதுக்கு ஏற்றவாறு பல ஆட்டங்கள் அமெரிக்காவின் நண்பகலிலும் பிற்பகலிலும் வைக்கப்பட்டன. சின்சினாட்டியில் ஜேர்மனியின் பொரூஸியா டோர்ட்முண்ட் அணியின் மாற்று வீரர்கள், மைதானத்தின் ஓரத்தில் அமர முடியாமல் முதல் பாதியை உடைமாற்றும் அறையிலிருந்தே பார்த்தனர். சார்லட்டில் இடிமின்னல் காரணமாக ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் நிறுத்தப்பட்ட செல்ஸி - பென்பிகா ஆட்டம் முடிவடைய நான்கரை மணித்தியாலத்துக்கும் மேல் சென்றது.

இத்தனைக்கும் ஆசனங்கள் எங்கும் நிறைந்திருக்கவில்லை. உல்சான் - மமலோடி சண்டவுன்ஸ் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 3,412 பேர் மாத்திரமே. செல்ஸி - புளுமினென்ஸ் அரையிறுதிக்கான குறைந்தபட்ச நுழைவுச்சீட்டு விலை 473.90 டொலரிலிருந்து 13.40 டொலருக்குச் சரிந்தது. பீபாவோ இரண்டு பில்லியன் டொலருக்கு மேல் வருமானம் ஈட்டப்பட்டதாகக் கூறி, இதனைப் பெருவெற்றியென அறிவித்தது. கிண்ணத்தை வழங்க வந்த அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப், வீரர்கள் அதனை உயர்த்திக் கொண்டாடும்போதும் மேடையை விட்டு அகலாமல் அவர்கள் நடுவே நின்றமை இன்னொரு வேடிக்கை.

தொழில்முறை வீரர்களின் சர்வதேச சங்கமான பிப்ரோவின் ஐரோப்பியப் பிரிவும் ஐரோப்பிய லீக்குகளின் அமைப்பும் இணைந்து 2024 ஒக்டோபரில் பீபாவுக்கு எதிராக ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தன. போட்டிகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் போட்டிகளை விற்று இலாபம் பெறும் உரிமையும் ஒரே நிறுவனத்திடம் இருக்கலாமா என்பதே அவர்களின் அடிப்படைக் கேள்வி. இறுதியாட்டத்துக்கு முந்திய தினம், ஆட்டங்களுக்கிடையில் 72 மணித்தியால ஓய்வும் பருவகால முடிவில் 21 நாள் விடுமுறையும் அவசியமென இணக்கம் காணப்பட்டதாகப் பீபா அறிவித்தது. அக்கூட்டத்துக்குப் பிப்ரோ அழைக்கப்படவில்லை.

அடுத்த போட்டி 2029 இல். நாடுகளுக்கான உலகக் கிண்ணத்தை 48 அணிகளாக்கும் முடிவைப் பீபா 2017 இலேயே எடுத்திருந்த நிலையில், கழகங்களுக்கும் அதே எண்ணிக்கையைக் கோரும் குரல்கள் எழுந்திருக்கின்றன. எண்ணிக்கை கூடுவதை மாத்திரம் காரணமாகக் கொண்டு நாம் எதிர்க்கப் போவதில்லை. பொட்டாபோகோவும் ஒக்லன்ட் சிட்டியும் அதற்கான நியாயத்தை ஏற்கெனவே எடுத்துரைத்துவிட்டன. ஆனால் அதற்கு முன்னர் மூன்று விடயங்கள் அறிவிப்பாகவன்றி விதியாக எழுதப்பட வேண்டும். 21 நாள் ஓய்வு வீரர்களின் சங்கத்தின் கையொப்பத்துடன் கட்டாயமாக்கப்பட வேண்டும். போட்டி நடைபெறும்போது புதிய வீரர்களை வாங்கிச் சேர்க்கும் வாசல் மூடப்பட வேண்டும். கலந்துகொள்வதற்கான தொகையில் ஒரு கணிசமான பங்கு, தகுதி பெற்ற கழகத்துக்கு மாத்திரமன்றி, அக்கழகம் விளையாடும் உள்நாட்டு லீக்கின் ஏனைய கழகங்களுக்கும் நேரடியாகச் சென்றடைய வேண்டும்.